ராமநாதபுரம் கடற்கரையில் வாரக் கூறு காய்கறித் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரக் கூறு என்பது என்ன முறை? உழவர் சந்தைக்குப் போவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பருவம் தொடங்கும் முன்பே இத்தனை குடும்பம் என்று சேர்த்து முன்பணம் வாங்கிக்கொள்கிறோம். பிறகு வாரம் ஒரு நாள், தோட்டத்தில் விளைந்ததைக் கூறு போட்டுக் கொடுக்கிறோம். ஜப்பானில் 1970களிலும் அமெரிக்காவில் 1986இலும் தொடங்கிய முறை இது. வாரத் தொகை பருவம் முழுக்க ஒன்றுதான். சந்தையில் தக்காளி 10 ரூபாய்க்கு விழுந்தாலும் 100 ரூபாய்க்கு ஏறினாலும் அது மாறாது. உழவர் சந்தையில் விலை அன்றன்று முடிவாகும், மிஞ்சிய மூட்டை உங்கள் தலையில் விழும். இங்கே செடி நடும்போதே காய் விற்றாகிவிட்டது. அதற்குப் பதிலாக வாரம் தவறாமல் ஏழெட்டு வகைக் காயை விளைவித்தே ஆகவேண்டிய கடமை உங்களுக்கு வந்து சேர்கிறது. ஒரே பயிரை மொத்தமாகப் போட்டுப் பழகியவர்களுக்கு முதல் பருவம் சிரமமாகத்தான் இருக்கும்.

எத்தனை குடும்பங்களைச் சேர்க்கலாம்?

கிணற்றைக் கேட்டுத்தான் பதில் சொல்ல முடியும். இந்தக் கரையில் நிலம் கிடைக்கும், ஆள் கிடைக்கும், நல்ல தண்ணீர்தான் கிடைக்காது. அதனால் ஆனி, ஆடியில் கிணறு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்பதை அளந்துவிட்டுப் பிறகு உறுப்பினர் சேர்க்கையை அறிவியுங்கள். தை மாதம் கிணறு நிறைந்திருக்கும்போது போட்ட கணக்கு வைகாசியில் நிற்காது.

அளப்பது எளிது. 4 அடி விட்டமுள்ள உறைக் கிணற்றில் ஒரு அடி உயரத் தண்ணீர் ஏறக்குறைய 355 லிட்டர். கயிற்றில் கல்லைக் கட்டி மட்டத்தைக் குறித்துக்கொண்டு மூன்று அடி இறைத்துவிட்டு, பழைய மட்டத்துக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். நான்கு மணி நேரத்தில் ஊறினால் ஒரு தடவைக்கு 1,065 லிட்டர். நாளைக்கு மூன்று தடவை இறைக்கலாம் என்று வைத்தால் 3,200 லிட்டர்.

இனித் தேவை. கோடையில் பயிருக்கு ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். 10 சென்ட் முழுவதையும் நனைத்தால் அது 2,400 லிட்டர். சொட்டுநீரில் பாத்தியை மட்டும் நனைத்தால் 1,500 லிட்டர் போதும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு வாரம் ஐந்தரை முதல் ஆறு கிலோ காய். அதற்கு நடைபாதை, நாற்றங்கால், ஓய்வில் கிடக்கும் பாத்தி எல்லாம் சேர்த்து 3 சென்ட் ஒதுக்க வேண்டும். ஆக, மேலே சொன்ன ஒரு கிணற்றை நம்பி 20 சென்ட், 7 குடும்பம். 25 குடும்பம் வேண்டுமென்றால் 75 சென்ட், நாளைக்கு 11,000 லிட்டர்: அப்படிப்பட்ட கிணறு மூன்று நான்கு வேண்டும்.

அதற்கு ஒரு ஆழ்துளைக் கிணறு போட்டால் முடிந்ததே?

கடலை ஒட்டிய மணற்பாங்கில் அதைச் செய்யாதீர்கள். இங்கே மழைத் தண்ணீர் கீழே உள்ள உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். கணக்கு அப்படியே திரும்பவும் செய்யும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழேயிருந்து உப்புத் தண்ணீர் 40 அடி ஏறப் பார்க்கும். ஆழத்திலிருந்து பெரிய மோட்டார் போட்டு ஓயாமல் இழுத்தால் குழாய்க்கு நேர் கீழே உப்பு கூம்பாக மேலெழுந்து வரும். ஒருமுறை ஏறிய உப்பு இறங்க நல்ல மழைக்காலம் ஒன்றாவது வேண்டும், சில இடத்தில் அதுவும் போதாது.

15 முதல் 20 அடி ஆழத்தில், ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு மூன்று உறைக் கிணறு, அரை அல்லது 1 குதிரைத்திறன் மோட்டார், ஒரு மணி நேரம் ஓட்டி மூன்று நான்கு மணி நேரம் ஓய்வு, மேலே 5,000 லிட்டர் தொட்டி. இதுதான் இந்த மண்ணுக்குச் சரி. பம்பின் உறிஞ்சு முனை கிணற்றின் அடியைத் தொடாமல் நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே நிற்கட்டும்.

தண்ணீரில் எவ்வளவு உப்பு இருந்தால் எதைப் போடலாம்?

கையடக்க ஈசி மீட்டர் ஒன்று வாங்குங்கள். ஈசி என்பது தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவு; உப்பு கூடினால் அதுவும் கூடும். 1,000 மைக்ரோ சீமென்ஸ் காட்டினால் ஈசி 1. மோட்டார் போட்டவுடன் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று என இரண்டு தடவை அளந்து நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது எண் வாராவாரம் ஏறிக்கொண்டே போனால் அதிகம் இறைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஈசி 1க்குள் இருந்தால் எதையும் போடலாம். 1 முதல் 2 வரை பீன்ஸ், கேரட், சின்ன வெங்காயத்தை விட்டுவிடுங்கள். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை வரும், ஆனால் காய் எண்ணிக்கை குறையும். 2 முதல் 3 வரை கொத்தவரை, தட்டைப்பயறு, பீட்ரூட், பாலக், பருப்புக்கீரை, சுரை, பூசணி. 3க்கு மேல் போனால் அந்தக் கிணற்றுத் தண்ணீரை வேலிமரத்துக்கு விடுங்கள். எந்தப் பயிரானாலும் முளைப்பிலும் நாற்றிலும்தான் உப்பு அதிகம் அடிக்கும். ஆகவே நாற்றங்காலுக்கு மட்டும் கூரை மழைநீரைச் சேர்த்து வைப்பது நல்லது. 98 குழித் தட்டில் நாற்று விட்டால் ஆயிரம் நாற்றுக்குப் பத்துப் பதினொரு தட்டு, நாளுக்கு சில குடம் தண்ணீரோடு முடிந்துவிடும்.

மண், தண்ணீர் மாதிரிகளைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே கேளுங்கள்.

உவர் மண் என்றால் ஜிப்சம் போட வேண்டும் என்கிறார்களே?

உப்பு வேறு, களர் வேறு. சோடியம் ஏறி, மழை பெய்தால் குழைந்து, காய்ந்தால் பாளமாக இறுகும் களிமண்ணுக்குத்தான் ஜிப்சம். அதுவும் மண் பரிசோதனையில் சொன்ன அளவுக்கு. கரையோர மணலில் இருப்பது பெரும்பாலும் வெறும் உப்பு. அது நல்ல தண்ணீரோ மழையோ கீழே இழுத்துக்கொண்டு போனால் போகும். மூட்டை மூட்டையாக ஜிப்சம் கொட்டியும் மாறவில்லை என்று வருத்தப்படுபவர்களின் மண் பெரும்பாலும் இந்த வகைதான்.

சொட்டுநீரில் செடி திடீரென்று வாடுகிறது. அதுவும் மழை பெய்த மறுநாள். ஏன்?

சொட்டு விழும் இடத்தில் ஈரம் ஒரு வட்டமாகப் பரவும். உப்பு அந்த வட்டத்தின் ஓரத்தில் போய் வெள்ளையாகப் படியும். வேர் நடுவில் சுகமாக இருக்கும். கோடையில் ஒரு சிறு தூறல் விழுந்தால் ஓரத்து உப்பு கரைந்து நேராக வேருக்கு வந்துவிடும். அதனால் தூறல் விழும்போது சொட்டுநீரை நிறுத்தாதீர்கள், திறந்துவிடுங்கள். உள்ளேயிருந்து தள்ளும் தண்ணீர் உப்பை வெளியே நிறுத்தும். பாத்தி நன்றாக ஊறும் அளவுக்குப் பெருமழை பிடித்த பிறகு அடைக்கலாம்.

மணல் வரும் கிணறு என்பதால் வடிகட்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள், பக்கக் குழாய்களின் முனையை வாரம் ஒருமுறை திறந்து ஓடவிடுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் உண்டு. குழாய் வாங்கும் முன்பே விண்ணப்பியுங்கள்.

மணலுக்கு என்ன உரம், எவ்வளவு?

மணலில் போட்ட மக்கு, வெயிலுக்கு வேகமாகக் கரைந்துபோகும். ஒரே தடவையில் கொட்டுவது வீண். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரத்தை இரண்டாகப் பிரித்து, நடவுக்கு முன் பாதி, பூக்கும் முன் பாதி பாத்தியில் மட்டும் போடுங்கள். கூடவே 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு.

ஜீவாமிர்தம் 15 நாளுக்கு ஒருமுறை, ஏக்கருக்கு 200 லிட்டர்: மாட்டுச் சாணம் 10 கிலோ, கோமியம் 5 முதல் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, வரப்பு மண் ஒரு கைப்பிடி, 200 லிட்டர் தண்ணீர். நிழலில் இரண்டு நாள், காலை மாலை கலக்கி விடவேண்டும். சொட்டுநீர்க் குழாயில் விடுவதாக இருந்தால் துணியில் இரண்டு முறை வடிகட்டாமல் விடாதீர்கள்.

மீன் கழிவு இந்தக் கரையில் மலிவு. சம எடை வெல்லத்தோடு பிசைந்து மூடிவைத்து மூன்று வாரம் கழித்து வடித்த மீன் அமிலத்தை லிட்டருக்கு 5 மில்லி கலந்து தெளிக்கலாம். பச்சை மீனின் தலையும் குடலும்தான் இதற்கு ஆகும். கருவாட்டுக் கிடங்கின் கழிவை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது உப்புமூட்டை. தென்னை நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். மழையில் போட்டோ மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசியோதான் பாத்திக்குப் போகவேண்டும். சீமைக் கருவேலச் சாம்பல் இந்த மண்ணுக்கு வேண்டாம். அதே மரத்தின் கரித்தூளைச் சாண எருவோடு சேர்த்து ஊறவைத்துப் போட்டால் மணல் ஈரம் பிடிக்கும்.

எந்த மாதம் எதை விதைப்பது?

மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். கணக்கு அதை ஒட்டியே ஓட வேண்டும். ஐப்பசி நடுவில் கூரைக்கடியில் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்று. கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்தவுடன் நடவு. கீரை, வெண்டை, கொத்தவரை மார்கழியில் நேரடி விதைப்பு, அதன்பின் கீரை மட்டும் 15 நாளுக்கு ஒரு பாத்தி. தை முதல் பங்குனி வரை இவைதான் கூறு. சுரை, பீர்க்கு, புடல், பூசணி, தட்டைப்பயறு மாசியில் ஊன்றினால் சித்திரை முதல் ஆனி வரை காய்க்கும். ஆடி, ஆவணியில் கடையை மூடுங்கள். பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுங்கள். ஆக ஆறு மாதம், 26 வாரம். புதியவர்கள் முதல் ஆண்டு இந்த 26 வாரத்தோடு நிறுத்துவதே நல்லது. புரட்டாசியில் சைவச் சமையலுக்குக் கேட்பார்கள் என்பது உண்மை, ஆனால் அந்த மாதம் கிணறு இருக்கும் நிலையைப் பார்த்துவிட்டு வாக்குக் கொடுங்கள்.

முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி, பப்பாளி வேலியோரம் நிற்கட்டும். காய் இளைத்த வாரத்தில் கூறை நிரப்புவது அவைதான்.

காற்றுக்கு என்ன செய்வது?

ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம், அதாவது மன்னார் வளைகுடாக் கரையில், ஆனி ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று மணலையும் உப்பையும் வாரி இறைக்கும். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி பக்கம் வாடைதான் எதிரி. எந்தக் கரையோ அந்தப் பக்கம் தடுப்பு வேண்டும். சவுக்கு இரண்டு வரிசை, உள்ளே அகத்தி ஒரு வரிசை. மரம் வளரும் வரை பனையோலைத் தட்டி. தட்டியை நெருக்கமாக அடைக்காதீர்கள். பாதிக் காற்று ஊடுருவிப் போனால்தான் வேகம் குறையும். சுவர் மாதிரி அடைத்தால் காற்று மேலேறி உள்ளே சுழன்று விழுந்து பந்தலைச் சாய்த்துவிடும். தடுப்பின் உயரத்தைப்போல் சுமார் பத்து மடங்கு தூரம் வரை செடிக்குப் பாதுகாப்பு.

உப்புக் காற்று அடித்த அன்று மாலை இலையை நல்ல தண்ணீரில் ஒருமுறை கழுவிவிட்டால் கருகல் குறையும்.

பூச்சியில் எது அதிகம் கெடுக்கும்?

கத்தரியில் தண்டு, காய்த் துளைப்பான். நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாரம் ஒருமுறை ஒரு அங்குலம் கீழே சேர்த்து வெட்டி, வயலுக்கு வெளியே எரிக்க வேண்டும். வரப்பில் போட்டால் புழு வெளியே வந்து கூட்டுப்புழுவாகிவிடும். இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5. இதெல்லாம் செய்தும் கேட்கவில்லையென்றால், போன பருவத்துக் கத்தரி பக்கத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். பிடுங்க மனமில்லாமல் விட்ட அந்தப் பழைய செடிதான் பெரும்பாலும் காரணம்.

பீர்க்கு, புடல், பாகலில் பழ ஈ. பிஞ்சு வளைந்து, மஞ்சளாகி, உள்ளே அழுகும். ஆண் ஈயை இழுக்கும் கியூலூர் பொறி ஏக்கருக்கு எட்டு முதல் பத்து. விழுந்த பிஞ்சைத் தினமும் பொறுக்கி இரண்டடிக் குழியில் புதைக்க வேண்டும். சின்னத் தோட்டம் என்றால் பிஞ்சு விட்ட மூன்றாம் நாள் காகிதப் பை கட்டுவது மிகச் சிறந்த வழி.

வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ கொண்டுவருவது, வந்த செடிக்கு மருந்து கிடையாது. முதல் இலை மஞ்சளானதும் பிடுங்குங்கள், சுற்றிலும் இரண்டு வரிசை சோளம் விதையுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். பொதுவான தெளிப்புக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல்: 10 லிட்டர் டேங்க்குக்கு அரைக் கிலோ இடித்த பருப்பை இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு சேர்த்து மாலையில்.

மதியம் மட்டும் வாடி மாலையில் தெளியும் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் முண்டு முண்டாக இருந்தால் நூற்புழு. மணலில் இது சகஜம். அடுத்த பருவம் அந்தப் பாத்தியில் செண்டுமல்லி போடுங்கள்.

மயிலுக்கு வலைதான். வேறு எதுவும் பலிப்பதில்லை.

ஒரு கூறில் என்னென்ன இருக்க வேண்டும்?

மாசி மாத வாரம் ஒன்று: கத்தரி 1 கிலோ, தக்காளி 1 கிலோ, வெண்டை 750 கிராம், கொத்தவரை அரைக் கிலோ, முள்ளங்கி அரைக் கிலோ, பீட்ரூட் அரைக் கிலோ, பச்சை மிளகாய் 100 கிராம், முருங்கைக்காய் 4, கீரை 2 கட்டு, கறிவேப்பிலை ஒரு கொத்து.

சேர்க்கும்போதே அந்த வீட்டில் வாரம் எத்தனை நாள் மீன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் ஐந்து நாள் மீன்குழம்பு வைக்கும் வீட்டுக்குக் கொத்தவரையும் பூசணியும் மலைபோல் போனால் அடுத்த பருவம் சேரமாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது தக்காளி, பச்சை மிளகாய், கத்தரி, முருங்கை, கறிவேப்பிலை. இப்படிப்பட்டவர்களுக்கு மூன்று கிலோ அரைக் கூறு ஒன்று தனியே வைப்பது புத்திசாலித்தனம். நோன்பு மாதத்தில் கீழக்கரை பக்கம் கஞ்சிக்குப் புதினா, மல்லித்தழை அதிகம் போகும். மல்லி இந்த வெயிலில் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழேதான் வரும்.

வாராவாரம் கத்தரிக்காயா என்று சலித்துக்கொள்கிறார்களே?

கொடுக்கும் இடத்தில் ஒரு மாற்றுப் பெட்டி வையுங்கள். வேண்டாததைப் போட்டுவிட்டு அதே எடைக்கு வேறொன்றை எடுத்துக்கொள்ளட்டும். பாதிக் குறை அதிலேயே தீரும்.

வாரத் தொகையை எப்படி முடிவு செய்வது?

சந்தை விலையைப் பார்த்து வைக்காதீர்கள், செலவைக் கூட்டி வகுங்கள். உதாரணத்துக்கு 25 குடும்பம், வாரம் 350 ரூபாய் என்றால் நான்கு வாரத்துக்கு 35,000. முழுநேர ஆள் ஒருவர், நாள் 500 வீதம் 26 நாள், 13,000. அறுவடை நாட்களுக்கு இரண்டு பேர், வாரம் இரண்டு நாள், 350 வீதம் 5,600. விதை, எரு 4,000. வண்டி 3,000. பழுது 1,500. பை, கயிறு 500. மொத்தம் 27,600. கையில் நிற்பது 7,400. மேற்பார்வையிடும் உங்களுக்கு இது கட்டாது. 400 ரூபாய் வைத்தால் 12,400 நிற்கும். முழுநேர ஆளின் வேலையை வீட்டார் செய்தால் அந்த 13,000ம் வீட்டில் தங்கும். உங்கள் ஊர்க் கூலியைப் போட்டு இதே கணக்கை எழுதிப் பாருங்கள். 15 குடும்பத்துக்குக் கீழே இருந்தால் இது துணை வருமானம் மட்டுமே, இதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

பணத்தை எப்போது வாங்குவது?

மாதச் சம்பளக்காரர்களிடம் ஐந்தாம் தேதிக்குள் அந்த மாதத்துக்கு. வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகளில் பருவம் முழுவதற்கும் சேர்த்துக் கொடுக்கத் தயாராக இருப்பார்கள். விசைப்படகை நம்பியிருக்கும் வீடுகளுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். உங்கள் பந்தலில் காய் குவியும் அதே சித்திரை, வைகாசியில் அவர்கள் கையில் காசு இருக்காது. ஆகவே தையிலிருந்து பங்குனிக்குள் வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டி வாங்கிக்கொண்டு, தடைக்காலத்தில் கேட்காமல் கூறை மட்டும் கொடுங்கள்.

அறுவடை நாளை எப்படி ஓட்டுவது?

வெண்டையும் கொத்தவரையும் முதல் நாள் மாலை, கீரை அன்று விடியலில். கீரையை வேரோடு பிடுங்கி மண்ணை உதறி ஈரச்சாக்கில் நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்தால் சூடேறி மஞ்சளாகும். வெண்டையைக் கழுவக் கூடாது, கறுத்துப்போகும். தக்காளியை அடியில் சிவப்பு ஓடத் தொடங்கியதும் பறித்தால் வீட்டில் நாலைந்து நாள் தாங்கும்.

பிரிக்கும்போது பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு காயாகக் கொண்டுபோய் எல்லாப் பையிலும் போட்டு முடித்த பிறகே அடுத்த காயைத் தொடுங்கள். ஒவ்வொரு பையாக நிரப்பினால் கடைசி மூன்று பைக்குக் கட்டாயம் ஏதாவது குறையும். மொத்தத்தை முதலில் எடைபோட்டு 25ஆல் வகுத்து அட்டையில் எழுதி மேசையில் வையுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. வீட்டுக்கு இரண்டு மஞ்சப்பை, ஒன்று வீட்டில், ஒன்று தோட்டத்தில். ஓலைப்பெட்டியும் நன்றாக உழைக்கும், காற்றோட்டமும் இருக்கும்.

ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் தை, ஆடி அமாவாசைகளை நாட்காட்டியில் குறித்துவைத்து, அந்த வாரம் விநியோக நாளை மாற்றிவிடுங்கள். பாம்பன் பாலத்து நெரிசலில் கீரை வெந்துவிடும்.

விளையாத வாரம் என்ன செய்வது? வெளியே வாங்கிக் கலக்கலாமா?

சேரும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: விளைச்சல் குறைந்தால் கூறும் குறையும், புயலிலோ வெள்ளத்திலோ அடியோடு போனால் இரண்டு வாரம் வரை இழப்பு இரு தரப்புக்கும், அதற்கு மேல் போகும் வாரத்துக்குப் பணம் அடுத்த பருவத்தில் கழிக்கப்படும். பக்கத்துத் தோட்டத்துக் காயைச் சேர்க்கலாம், ஆனால் இன்னாருடையது என்று சொல்லிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தையில் வாங்கி உங்கள் காய் என்று கொடுத்தால் மூன்றாவது வாரம் ஊருக்கே தெரிந்துவிடும்.

செய்தியை முதல் நாளே அனுப்புங்கள். “அக்கா, நேத்து அடிச்ச காத்துல பீர்க்கம்பந்தல் சாஞ்சிருச்சு. நாளைக்குப் பீர்க்கு இருக்காது, அதுக்குப் பதிலா முருங்கைக்காய் ஆறு, அகத்திக்கீரை ஒரு கட்டு வைக்கிறோம். அடுத்த வாரம் பூசணி வருது” என்று நான்கு வரி போதும். கீழக்கரை வீடுகளுக்கு அக்காவுக்குப் பதில் லாத்தா. பை கைக்குப் போன பிறகு விளக்கம் சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

உரிமம் வேண்டுமா?

சொந்தத் தோட்டத்துக் காயை அப்படியே கொடுப்பதற்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் தேவையில்லை. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. வற்றல், ஊறுகாய், பொடி என்று விற்கத் தொடங்கினால் பதிவு எடுக்க வேண்டும். இயற்கை விளைச்சல் என்று சான்றோடு சொல்ல விரும்பினால், அக்கம்பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை ஒருவர் சோதிக்கும் பிஜிஎஸ் முறை சிறு தோட்டத்துக்குக் கட்டுப்படியாகும்.

மிஞ்சிய காயை என்ன செய்வது?

பந்தல் காய் சித்திரையில் ஒரே நேரத்தில் குவியும். முதலில் உறுப்பினருக்கே கூடுதலாக ஒரு கிலோ. அதற்கு மேலும் மிஞ்சினால் மெஸ்ஸுக்கோ கல்யாண மண்டபச் சமையல்காரருக்கோ மொத்த விலைக்கு. முற்றிய கத்தரியையும் கொத்தவரையையும் உப்பு நீரில் ஒரு கொதி விட்டு, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்தால் வற்றல். வற்றலை மாலை ஐந்து மணிக்கு மேல் வெளியே விடாதீர்கள். கடற்காற்றின் ஈரம் இறங்கினால் இரண்டே நாளில் பூசணம் பூக்கும்.